‘ஹைட்ரோ’ என்றால் தண்ணீர், ‘ஃபோபியா’ என்றால் பயம்

கிரேக்க மொழியில் எனக்கு நூறு சொற்களாவது தெரியும். பேசத் தெரியாது. பேசுகிற ஒருவரை நேரில் பார்த்ததும் இல்லை. சென்னையில் நான் பார்க்கிற வேலைக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். எங்கேயோ ஒரு நாட்டில் யாருக்கோ வந்த நோயை அங்கே உள்ள டாக்டர் எழுதி அனுப்புவார்; நாங்கள் அந்த நோய்க்குரிய எண்ணைப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். சேர்ந்த முதல் வாரம் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டால் நோய் தானாக வந்துவிடும் என்றார்கள். வாலில் ‘ஐட்டிஸ்’ இருந்தால் அழற்சி, ‘அல்ஜியா’ இருந்தால் வலி, ‘எக்டமி’ இருந்தால் அறுத்து எடுத்தாயிற்று. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். ‘ஃபோபியா’ வந்தபோது நான் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த வாலை எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை.

எங்கள் வீடு போலகத்தில். அப்பாவுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. நிலக்கரி ஏற்றி வரும் லாரிகளை எடை மேடையில் நிறுத்திச் சீட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வரும்போது காதுமடல் வரைக்கும் கறுப்பாக வருவார். பக்கத்து வீட்டு அக்கா கல்லூரி முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து படித்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் அவர்கள் வீட்டு வாசலில், மாதா சுரூபம் வைத்த மாடத்துக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பாள். நான் படியில் உட்கார்ந்து, செங்கல் கனத்துக்கு இருந்த அவளுடைய கைடை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஆறாம் வகுப்புப் பெண் பட்டதாரிக்குப் பரீட்சை வைப்பது வேறு எந்த ஊரிலும் நடக்காத காரியம் என்று எனக்கு நினைப்பு. அவள் தப்பாகச் சொன்னால் “ராங்” என்று வாய் நிறையச் சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் போனேன்.

என் பள்ளிக்கூட வேன் என்னை மெயின் ரோட்டில், ஒரு டீக்கடைக்கு எதிரே இறக்கிவிடும். நிலக்கரி லாரிகள் நிற்கிற கடை. அந்தக் கடையின் பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் கிடக்கும். லாரி நின்றால் போதும், தாவி ஏறிச் சரக்கின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் டிரைவர்கள் அதற்கு ‘லோடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பு நாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் நன்றாக நனைந்தபிறகுதான் அது செவலை என்று தெரிந்தது. என் டிபன் பாக்ஸில் மிச்சம் இருக்கிற இட்லி தினமும் அதற்குப் போகும். அம்மாவுக்குத் தெரியாது. நாயைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற ஆள் இல்லை. ஆனால் சொல்வதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

ஒரு புதன்கிழமை லோடு இட்லிக்கு எழுந்து வரவில்லை. பெஞ்சுக்கு அடியில் படுத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. வாயோரம் வெள்ளையாக ஒழுகியது. டீக்கடையில் பால் குடித்திருக்கும் என்று நினைத்தேன். இட்லியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. போடா என்று திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பேன். வலது கெண்டைக்காலில் சுருக்கென்றது. லோடு குரைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. கடித்துவிட்டு, கடித்ததே தனக்குத் தெரியாத மாதிரி பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டு புள்ளி, ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். வீட்டுக்குப் போய்க் கொல்லைக் குழாயில் காலை நீட்டிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பாவாடை கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு முழங்கால் வரைக்கும் சாக்ஸ் இருக்கவே இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கையை முறிப்பாள் என்பதற்காக அல்ல. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாறு ஊசி போடுவார்கள் என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ஊசியும் ஸ்கேல் நீளம் இருக்கும் என்று ஒருத்தி தன் பெரியப்பா மேல் சத்தியம் செய்திருந்தாள். என் தொப்புளைச் சுற்றிப் பதினாறு இடம் இருக்கிறதா என்று அன்றைக்குக் குளியலறையில் பார்த்தேன். இல்லை. அதோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை அக்காவுக்கு ‘ஒரே சொல்லில் கூறுக’ பகுதியைக் கேட்க வேண்டியிருந்தது. பக்கம் முழுக்க ஒரே வாலோடு சொற்கள் வரிசையாக நின்றன. நான் எழுத்துக்கூட்டி ‘அக்ரோப்ஹோபியா’ என்று வாசித்தேன். அக்கா கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பியும் எச்சும் சேந்து வந்தா ‘ஃப’டி. அப்புடி வந்தாலே முக்காவாசி அது கிரேக்கத்துலேருந்து வந்த வார்த்தைன்னு அர்த்தம். ஃபோபியான்னா பயம். முன்னாடி எதை ஒட்டுறியோ அதுக்குப் பயம். அவ்ளோதான், ஈஸி.”

ஈஸியாகத்தான் இருந்தது. ஒட்ட ஆரம்பித்தோம். அக்காவின் அப்பாவுக்குப் பல்லிஃபோபியா. எங்கள் அப்பாவுக்கு மேனேஜர்ஃபோபியா. அக்காவுக்கு எக்ஸாம்ஃபோபியா. ஒரு வார்த்தையின் கைப்பிடி நம் கைக்கு வந்துவிட்டால் உலகமே வந்துவிட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படி இருந்தது. அப்புறம் கைடுக்குத் திரும்பினோம். உயரத்துக்குப் பயம், அடைத்த இடத்துக்குப் பயம், நாய்க்குப் பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள்.

“தண்ணிக்குப் பயம்?”

“ஹைட்ரோஃபோபியா. ஹைட்ரோன்னா தண்ணி. அதுல கீழ ஒரு ஸ்டார் போட்டிருக்கும் பாரு.”

ஸ்டார் போட்டிருந்தது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அக்கா அதை மனப்பாடமாகச் சொன்னாள்.

“வெறிநாய் கடிச்சு வர்ற நோய்க்கும் அதான் பேரு. தண்ணியப் பாத்தாலே பயந்து நடுங்குவாங்களாம். ஒரு வாய் தொண்டையில எறங்காதாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போய்ச் சேர வேண்டியதுதான். அடுத்தது கேளு.”

நான் அடுத்ததைக் கேட்டேன். என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. அவள் இரண்டு தப்பாவது சொல்லியிருப்பாள். ஒன்றுக்கும் நான் “ராங்” சொல்லவில்லை. மடியில் இருந்த கைடு என் கெண்டைக்காலின் மேல் இடித்துக்கொண்டிருந்தது. ஊசிக்குப் பயம் என்பதற்கும் அந்தப் பட்டியலில் ஒரு சொல் இருந்திருக்கும். அது கடைசிப் பக்கத்துச் சமாச்சாரம், நாங்கள் அதுவரைக்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். பயம் வந்தால் நோய் என்றால், பயம் வரவில்லை என்றால் நோய் இல்லை. அதைவிடத் தெளிவாக ஒரு சொல் எப்படி இருக்க முடியும்? ஹைட்ரோ என்றால் தண்ணீர், ஃபோபியா என்றால் பயம். எனக்குத் தண்ணீருக்குப் பயம் இருக்கிறதா இல்லையா என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? டாக்டர் எதற்கு, ஊசி எதற்கு? நானே பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு மடமடவென்று குடிப்பேன். பிறகு தொட்டியில் முகத்தை முக்கிப் பத்து எண்ணுவேன். சாயங்காலம் வாய்க்கால் மதகில் நின்று கீழே சுழித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பேன். பயம் வருகிறதா என்று உள்ளே கேட்பேன். வரவில்லை. ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும்போது கொஞ்சம் திக்கென்றது. தவளை குதித்ததால் என்று எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். லோடை நான் அந்த நாட்களில் பார்க்கவில்லை. கடைப்பக்கம் திரும்பாமல், வேனிலிருந்து இறங்கியதும் தலையைக் குனிந்தபடி ரோட்டைக் கடந்துவிடுவேன்.

கடித்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. வேன் போனபிறகு டீக்கடைக்காரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏ பாப்பா, இங்க வா. ஒன்னைய ஏன் ஆளையே காணும்? ஒன் தோஸ்து செத்துப்போச்சு தெரியுமா?”

“யாரு?”

“லோடுதான். அஞ்சு நாளாவுது. பாவம், கடைசி ரெண்டு நாளு தட்டுல தண்ணி வெச்சேன், கிட்டயே வரல. தண்ணியப் பாத்தாலே பின்னாடி பின்னாடி போவுது. ரெண்டு டிரைவருவொளையும் புடுங்கி வெச்சிருச்சு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “ஒன்னை ஒண்ணும் கடிக்கலியே?”

“இல்லீங்க.”

“நெசமா?”

நான் ஓடினேன். புத்தகப் பை முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. வேலையில் சேர்ந்தபிறகு ஒருநாள், பொழுது போகாமல், இந்த ஃபோபியாவின் பூர்வோத்தரத்தைத் தேடிப் பார்த்தேன். ஃபோபோஸ் என்ற சொல்லுக்கு ஆதியில் பயம் என்று அர்த்தமே இல்லையாம். மிகப் பழைய கிரேக்கப் பாட்டுகளில் அது போர்க்களத்தை விட்டுத் தலைதெறிக்க ஓடுவதைக் குறித்ததாம். ஓட்டம்தான் முதலில் இருந்தது. அந்த ஓட்டத்துக்குக் காரணமான பயம் பிற்பாடுதான் அந்தச் சொல்லுக்குள் குடியேறியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. டீக்கடையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் நான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்தில்தான் வந்து சேர்ந்தேன்.

நேராக அடுக்களைக்குப் போய்ப் பானையில் டம்ளரை விட்டு மொண்டேன். பார்த்தேன். வழக்கமான தண்ணீர்தான். ஆனால் வாய்க்குக் கொண்டுபோனதும் தொண்டையை யாரோ உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். விழுங்கப் பார்த்தேன். இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஊற்றினேன். புரையேறி மூக்கு வழியாக வந்தது. கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, “மெதுவா குடியேண்டி, யாரு தொரத்துறா?” என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். டம்ளரைக் கீழே வைத்தேன். தண்ணீரைப் பார்த்தேன், பயமாக இருந்தது. சந்தேகமே இல்லை, அது தண்ணீருக்குப் பயம்தான்.

நான் அம்மாவிடம் போகவில்லை. அந்தச் சொல்லை எனக்குத் தந்தவளிடம் போனேன். அக்கா மாடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, ஹைட்ரோஃபோபியா வந்தா எத்தனை நாள்ல போய்ச் சேரணும்?”

“அதெல்லாம் பரிச்சையில வராதுடி.”

“எனக்கு வந்துருச்சுக்கா.”

அவள் சிரித்தாள். குனிந்து சாக்ஸைக் கீழே இறக்கினேன். புள்ளி இரண்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. டீக்கடை நாய் கடித்தது, அது செத்துப்போனது என்று சொன்னேன். சிரிப்பு அவள் முகத்திலிருந்து போனது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கைடு மண்ணில் விழுந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், எங்கள் கொல்லைக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, இவளை நாய் கடிச்சிருக்குக்கா. அந்த டீக்கடை நாயாம். அது செத்துப்போச்சாம்” என்று அம்மாவிடம் கத்தினாள்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். கை முழுக்க மீன் செதில். இப்போது விழும் என்று கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன். விழவில்லை. தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரலும் வரவில்லை.

“எப்ப?” என்றாள். அவ்வளவுதான்.

“போன வாரம். புதன்கிழமை.”

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனபோது அவளுடைய உதடு வெளுத்துவிட்டது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லோடு செத்ததைவிட அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

அக்காவின் ஸ்கூட்டியில் மூன்று பேரும் போனோம். நான் நடுவில். அம்மாவின் கையில் செதில் அப்படியே ஒட்டியிருந்தது. என் வயிற்றைச் சுற்றி அந்தக் கை இறுகிக்கொண்டே வந்தது. எதிரே நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கா ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். நடுநடுவே மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வழியில் ஆற்றுப் பாலம் வந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பாலம் முடிகிற வரைக்கும் திறக்கவில்லை.

காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அக்கா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் என் காலைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், காற்றுக்கும் மிரள்கிறேனா என்று பார்க்க ஒரு அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே விசிறினார். பிறகு மேஜைமேல் இருந்த பாட்டிலை நீட்டினார்.

“குடி.”

பாட்டிலை வாங்கினேன். வாய் வரைக்கும் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். அந்த அறையில் யாரும் அசையவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“என்ன பண்ணுது?”

“ஹைட்ரோஃபோபியா.”

“யாரு சொன்னா?”

“அக்காவோட பேங்க் எக்ஸாம் கைடுல போட்டிருக்கு.”

“மத்தியானம் என்ன சாப்பிட்டே?”

“தயிர் சாதம்.”

“அது எறங்குச்சா?”

“எறங்குச்சு.” அப்போது லோடு செத்தது எனக்குத் தெரியாதே.

“சரி, அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் சொல்லு.”

நான் சொன்னேன். எச்சையும் ஒய்யையும் சரியாகச் சொல்லி, பியும் எச்சும் வருகிற இடத்தில் கொஞ்சம் அழுத்தி, முடித்தேன். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “பரவால்லியே. எங்க ஸ்டூடண்டுங்களே அந்த ஒய்ய விட்டுருவாங்க. எங்க, பேங்குக்கு எழுதுற ஒங்க அக்காவைச் சொல்லச் சொல்லு பாப்போம்” என்றார். அக்கா பதற்றத்தில் அந்த ஒய்யைத்தான் விட்டாள். “ராங்” என்றேன், என்னையறியாமல். எனக்கு வாய் உலர்ந்திருந்தது. கையில் இருந்த பாட்டிலைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தேன். குடித்தபிறகுதான் குடித்தது தெரிந்தது.

“பயந்துருக்கா, அவ்ளோதான். நோய் வேற, பயம் வேற” என்று டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, “இப்போதைக்கு” என்று சேர்த்துக்கொண்டார். நான் முதல் பாதியைக் கேட்டேன். அம்மா கேட்டது அந்தக் கடைசி வார்த்தையை.

தொப்புள் பக்கம் யாருமே வரவில்லை. காயத்தைச் சுற்றிக் குத்தினார்கள், தொடையில் குத்தினார்கள், தோளில் ஒன்று. காயத்தில் குத்தியபோது நான் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவியதற்கு மட்டும் டாக்டர் என்னைப் பாராட்டினார். இன்னும் நான்கு தடவை வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு அட்டையில் தேதிகளை எழுதிக் கொடுத்தார்.

அப்பா துறைமுகத்திலிருந்து அப்படியே கரியோடு வந்து சேர்ந்தார். அவரையும் அம்மாவையும் டாக்டர் வராண்டாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை நான் வேலைக்குப் போனபிறகுதான் அப்பா சொன்னார். நாய் அந்த மாதிரி செத்திருந்தால் அது வெறிநாய்தான். முதல் நாளே வந்திருந்தால் கவலையே இல்லை. ஒன்பது நாள் போய்விட்டது. இனி ஊசி முந்திக்கொள்ள வேண்டும். நோய் முந்திக்கொண்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலும் ஊசிதான் முந்தும். ஆனாலும் மூன்று மாதம் பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டாளாம். தண்ணீர் குடிக்கிறாளா என்று பாருங்கள் என்றாராம் டாக்டர். பிள்ளையிடம் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். அவள் மறுபடி பயந்தால் எது பயம், எது நோய் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும் என்றும் சொன்னாராம்.

அம்மா காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பிழைத்துவிட்டேன், எனக்கு ஸ்பெல்லிங் தெரியும் என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார் என்பதுதான். அப்பா மறுநாள் விடியும் முன்பே டீக்கடைக்குப் போய், கடிபட்ட டிரைவர்கள் இரண்டு பேரையும் தேடிப் பிடித்து ஊசிக்கு அனுப்பிவைத்தார். அக்கா அந்தக் கைடை எடுக்கவே மறுத்துவிட்டாள். நானே போய்ச் சமாதானம் சொல்லி உட்காரவைத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவோம் என்று ஒப்பந்தம்.

வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். கண் விழித்தால் அம்மா சொம்போடு நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எலுமிச்சை ஜூஸ், அரைமணி நேரத்தில் நன்னாரி, அதற்குப் பிறகு இளநீர். வேறு ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். அந்த வீட்டில் அதற்கு முன்னால் எனக்கு ஜூஸ் கிடைத்தது காய்ச்சல் வந்தபோது மட்டும்தான். “போதும்மா” என்றால், “ஒரு வாய், ஒரே ஒரு வாய்” என்பாள். ஊசி போட்ட பிள்ளைக்கு உடம்பு சூடு என்று பக்கத்தில் கேட்டவர்களிடம் சொன்னாள். அப்பாகூட, நான் டம்ளரை எடுத்தால் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்துவார். வைத்ததும் உயர்த்திக்கொள்வார். நாய் கடித்தால் இவ்வளவு சௌகரியம் உண்டு என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு வருத்தம்.

மூன்றாவது ஊசி போட்டு இரண்டு நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கு அது ஆறாவதோ ஏழாவதோ. எனக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. இத்தனை நாள் எல்லாரையும் கலக்கிய அந்தச் சொல் என்னிடம் சும்மாதானே கிடக்கிறது.

டம்ளரைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தேன். இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தேன்.

“ஐயோ, தண்ணி! வேணாம்மா, பயமா இருக்கு! கிட்ட கொண்டாராத!”

நன்றாகத்தான் நடித்திருக்க வேண்டும். டம்ளர் அம்மாவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அம்மா உட்காரவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நின்ற இடத்திலேயே கால் மடங்கி, கொட்டிய தண்ணீரிலேயே. அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்து வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏமாந்தியா! ஏமாந்தியா!” என்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எட்டி என் கையைப் பிடித்து இழுத்து ஓங்கி ஒரு அறை விட்டாள். அத்தனை நாளில் விழாதது அன்றைக்கு விழுந்தது. தண்ணீரைக் கொட்டியதற்கா அடிக்கிறாய், நீதானே கொட்டினாய் என்று நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். அம்மா தண்ணீர் சொட்டுகிற புடவையோடு எழுந்துபோய் வேறொரு டம்ளர் நிறைய மொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படியும் வழியெல்லாம் தளும்பியது.

“குடி.”

“எனக்கு வேணாம்.”

“குடிம்மா. என் தங்கமில்ல. குடிச்சுக் காட்டு.”

அடித்தவளே கெஞ்சுகிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய மனசு பண்ணி வாங்கிக் குடித்தேன். நான் குடிக்க ஆரம்பித்ததும் அம்மா நெருங்கி வந்து என் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். ஒவ்வொரு மடக்கும் இறங்கும்போது அந்த விரல்கள் கூடவே இறங்கின. டம்ளர் காலியாகிற வரைக்கும் எடுக்கவில்லை. அடித்ததற்கு இப்போது தடவிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“கைய எடும்மா, கூசுது” என்று சிரித்தேன்.